கரமடி இழுப்பும் அனிமேஷனில் எடையும்

அனிமேஷன் கற்பதில் பந்து துள்ளுகிற பயிற்சி முடிந்ததும் எல்லோரும் நேராக நடைக்குத் தாவுகிறார்கள். அது அவசரம். நடையில் உடலின் எடை எந்தக் காலில் எப்போது இறங்குகிறது என்பது பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. கனமான ஒன்றை இழுக்கிற ஆளிடம் அது பளிச்சென்று தெரியும். குமரி மாவட்டக்காரர்கள் அதற்கு இணையத்தில் மாதிரி தேட வேண்டியதில்லை; கரமடி (கரையில் நின்று பலர் சேர்ந்து கயிற்றால் இழுக்கிற வலை) இழுக்கிற கடற்கரைக்குப் போனால் போதும்.

இழுப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். போனை ஸ்டாண்டில், இடுப்பு உயரத்தில், ஆளுக்குச் சரியாகப் பக்கவாட்டில் வையுங்கள். கிட்டே போகாமல் தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்தால் கைகால் அளவு கோணாது. குளச்சல் பக்கம் என்றால் காலையில் தேங்காப்பட்டணத்தைப் பார்த்து நில்லுங்கள். வெயில் முதுகில் விழும்.

அனிமேஷன் வினாடிக்கு 24 ஃபிரேமில் (படத்தில்) ஓடுகிறது, போன் பெரும்பாலும் 30-இல் எடுக்கிறது. அதை ஃபிரேமுக்கு ஃபிரேம் அப்படியே வைத்தால் 1 வினாடி அசைவு 1.25 வினாடியாக நீண்டு, ஆள் தண்ணீருக்குள் இழுப்பது போலாகிவிடும். ஹேண்ட்பிரேக் என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் 24, கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்று கொடுத்து மாற்றிவிட்டு பிளெண்டர் என்கிற 3டி அனிமேஷன் மென்பொருளுக்குள் கொண்டுவாருங்கள். ரிக்குக்கு (எலும்பும் கண்ட்ரோலும் பொருத்தி அசைக்கத் தயாராக இருக்கிற பாத்திரம்) காசு வேண்டாம்: பிளெண்டர் ஸ்டுடியோவின் ரெயின், ஸ்னோ என்கிற பாத்திரங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இனி வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். இழுப்பு கையில் தொடங்குவதில்லை. இடுப்பு முதலில் இறங்கிப் பின்னால் போகிறது, பிறகு நெஞ்சு, கடைசியில்தான் தோள். கை கிட்டத்தட்ட நீட்டியபடியே இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் முழங்கையை மடக்கி இழுக்க வைப்பார்கள். கயிறு நூல் மாதிரி லேசாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

ஐந்து போஸ் போதும்: முன்காலில் எடை, இடுப்பு இறக்கம், முழுச் சாய்வு, பின்னால் ஓர் அடி, மறுபடி பிடி. எல்லாக் கண்ட்ரோலுக்கும் (உறுப்பை அசைக்கிற பிடி) கீ போட்டு, அதாவது அந்த ஃபிரேமில் நிலையைப் பதிந்து, இன்டர்போலேஷனை (கீகளுக்கு இடைப்பட்ட அசைவை) கான்ஸ்டன்டில் வையுங்கள்; ஒரு போஸிலிருந்து அடுத்ததற்கு நேராகத் தாவும். இறக்கத்துக்கு 8 ஃபிரேம், சாய்வுக்கு 16, அடி வைக்க 6 என்று தொடங்கி, வீடியோவைப் பார்த்துத் திருத்துங்கள். சாய்வு போஸில் ஒரு சோதனை உண்டு. கயிற்றை மறைத்துவிட்டுப் பாருங்கள். ஆள் மல்லாந்து விழுவான் என்று தோன்ற வேண்டும். நிம்மதியாக நிற்கிறான் என்றால் இடுப்பு இன்னும் பாதங்களுக்கு மேலேயே இருக்கிறது, பின்னால் தள்ளுங்கள்.

இன்டர்போலேஷனைப் பெசியருக்கு (போஸ்களை வழவழப்பாக இணைக்கிற வகை) மாற்றியதும் எல்லாம் மிதக்கும். பயப்பட வேண்டாம், கீகளுக்கு நடுவே எல்லா அசைவும் ஒரே மாதிரி மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிகிறது, அவ்வளவுதான். இடுப்பின் கர்வை (அசைவைக் காட்டும் கோட்டை) மட்டும் முதலில் சரிசெய்யுங்கள்: தொடக்கம் மெதுவாக, நடுவில் வேகம், முடிவில் நீண்ட அடங்கல். ஊன்றிய பாதம் வழுக்கினால் அந்தக் கோடுகள் தெரிகிற கிராஃப் எடிட்டரில், பாதம் ஊன்றியிருக்கிற இரண்டு கீயின் மதிப்பும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தும் வழுக்கினால் ஹேண்டில் (கோட்டை வளைக்கிற பிடி) எகிறியிருக்கும். அதை வெக்டருக்கு (நேர்கோட்டு வகை) மாற்றினால் நிற்கும். (மணலில் குதிகால் உண்மையிலேயே புதைந்து சறுக்கும். அந்தச் சறுக்கலை நீங்களாக வைக்கலாம், கணினி வைக்கக் கூடாது.)

கைக்கு ஐகே (மணிக்கட்டை வைத்தால் முழங்கை தானே மடங்குகிற முறை) போட்டு, அதன் கண்ட்ரோலைக் கயிற்றோடு கட்டுங்கள். எஃப்கேயில் (தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டாகத் திருப்புகிற முறை) விட்டால் உடம்பு அசையும்போதெல்லாம் பிடி நழுவும். ஐகேயில் வருகிற தொல்லை முழங்கை வெட்டுவது. கை முழு நீளத்தை நெருங்கும்போது ஒரு மில்லிமீட்டர் மாற்றத்துக்கே முழங்கைக் கோணம் பல டிகிரி குதிக்கும். எனவே சின்ன மடிப்பு எப்போதும் இருக்கட்டும்.

லேப்டாப் திணறினால் பிளேபேக்கின் வேகத்தை நம்பாதீர்கள். ஃபிரேம் டிராப்பிங்கைத் (வேகத்தைக் காக்கச் சில ஃபிரேம்களை விட்டுவிடுவது) தேர்ந்தெடுங்கள், அல்லது வியூபோர்ட் ரெண்டர் (திரையில் தெரிவதை அப்படியே வீடியோவாக) எடுத்துப் பார்த்துவிட்டு டைமிங்கைத் தொடுங்கள்.

ஒருவர் சரியாக வந்ததும் நகலெடுத்து வரிசையாக நிறுத்தலாம். எல்லோரும் ஒரே ஃபிரேமில் அசைந்தால் பொம்மை வரிசை, அதனால் தலை, நெஞ்சு, அடி வைப்பு ஆகியவற்றை ஆளுக்கு 2 முதல் 4 ஃபிரேம் தள்ளுங்கள். கைகளை மட்டும் தள்ளாதீர்கள். எல்லோரும் பிடித்திருப்பது ஒரே கயிறு.