எண் இல்லாத பாசிட்டிவ் ரிப்போர்ட்

ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) முடிந்து பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்ப ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்ட்) பார்க்கப் போகிறவர்கள், ரிப்போர்ட்டில் எண் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்து வாங்குங்கள். அது இல்லாமல் நான் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை.

ரத்தப் பரிசோதனை என்று வேலூர் டாக்டர் தெளிவாக எழுதித்தான் கொடுத்தார். குடியாத்தத்திலேயே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எங்கள் ஊர் லேப்பில் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சிறுநீருக்கு டப்பாவை நீட்டினார்கள். ரத்தம்தானே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "இன்னா மேடம், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் கவுண்டரில் இருந்தவர். கொஞ்ச நேரத்தில் 'பாசிட்டிவ்' என்று ஒற்றைச் சொல் போட்ட தாள் வந்தது.

வீட்டில் அத்தை உடனே கெங்கையம்மனுக்குக் காசு முடிந்து வைத்தார். எனக்கும் மார்பு கனத்தது, வயிறு உப்புசம், மத்தியானமானால் தூக்கம் கண்ணைச் சுழற்றியது, அடிவயிற்றில் சுருக் சுருக்கென்று வலி. "மசக்கைதான், எனக்குத் தெரியாதா" என்றார்.

வேலூரில் டாக்டர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நம்பர் எங்கேம்மா?" என்று கேட்டுவிட்டு விளக்கினார். முட்டை வெடிக்கப் போடும் ஊசி பெரும்பாலும் எச்.சி.ஜி.தான், 5000 அல்லது 10000 யூனிட். அது உடம்பை விட்டுப் போக 10 முதல் 14 நாள் வரைகூட ஆகலாம். அதற்குள் சிறுநீரைக் கார்டில் விட்டுப் பார்த்தால், கரு தங்காவிட்டாலும் ரெண்டு கோடு விழலாம். மார்பு வலி, உப்புசம், தூக்கம் எல்லாம் கரு தங்குவதற்காகக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையாலும் வரும். அது மாதவிலக்கையும் தள்ளிப் போடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் சொல்லிக் கொண்டாடியதை எப்படித் திருப்பி வாங்குவது?

அங்கேயே ரத்தம் கொடுத்தேன். எண் 5-க்குக் கீழே என்றால் கர்ப்பம் இல்லை, 25-க்கு மேல் என்றால் பாசிட்டிவ், நடுவில் நின்றால் மறுபடி பார்க்க வேண்டும். எனக்கு 25-ஐத் தாண்டியிருந்தது, ஆனால் தெம்பாக இல்லை. எண் ஏறுகிறதா என்று பார்க்க, 48 மணி நேரம் கழித்து அதே லேப்பில் எடுக்கச் சொன்னார்கள். லேப் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும், ஒப்பிட முடியாது.

அந்த நாள் பார்த்து வைகாசி ஒன்று, எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊருக்குள் பஸ்ஸே வரவில்லை. கூட்டத்துக்குள் நசுங்காமல் ஊர் எல்லைவரை நடந்து பஸ் பிடித்தோம். போய்ச் சேர்ந்தால், பழைய சீட்டு ஒரு டெஸ்ட்டுக்குத்தான் செல்லும், புதுச் சீட்டு இல்லாமல் பில் போட முடியாது என்றார்கள். டாக்டர் அன்று விடுப்பு. ஒரு நர்ஸ் அக்காதான் டூட்டி டாக்டரிடம் ஓடி எழுதி வாங்கி வந்தார். அவர் நல்லா இருக்கணும். ரெண்டாவது டெஸ்ட்டுக்கும் சீட்டை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். கொடுக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண் இரட்டிப்புக்கு மேலேயே ஏறியிருந்தது! கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டு ஏழாவது வாரம் ஸ்கேனில் இதயத் துடிப்பும் தெரிந்தது.

இடையில் லேசாகப் பழுப்பு நிறத்தில் பட்டது. மாத்திரை சூடு, நிறுத்திவிடு என்று அத்தை பயந்துபோய்ச் சொன்னார். நிறுத்தவில்லை, போனில் கேட்டேன். தொடரச் சொன்னார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், எண் ஏறினாலும் ஒரு பக்கமாக வயிற்று வலி, தோள்பட்டையில் வலி, தலைசுற்றல் என்றால் கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். வயிறு திடீரென்று வீங்கி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் அது ஊசியால் வரும் சிக்கலாக இருக்கலாம். ரெண்டுக்கும் காலை ஓ.பி. வரை காத்திருக்காமல், ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்கே போய்விடுங்கள். போகும்போது ஊசி போட்ட தேதி எழுதிய சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.