அப்பாவின் நிமோனியா ஊசியும் பிரித்து வாங்கிய பில்லும்

அப்பாவுக்கு நிமோனியா வந்து தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அறை வாடகை, அன்டிபயோட்டிக், நெபுலைசர், எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து வந்த பெரிய பில்லை என் ஒஃபிஸ் காப்புறுதி மறுபேச்சில்லாமல் கட்டியது. அந்த வருத்தம் திரும்ப வராமல் இருக்கப் போட்ட ஊசிக்குக் கிளைம் அனுப்பியபோது, "தடுப்பு மருத்துவம் பொலிசியில் அடங்காது" என்று ஒற்றை வரியில் எஸ்.எம்.எஸ். வந்தது. வருத்தம் வந்தால் லட்சக்கணக்கில் கொடுப்பார்களாம், வராமல் தடுக்க ஒரு ஊசிக்குக் கொடுக்கமாட்டார்களாம். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்பா முதலில் அரசாங்கப் பக்கம்தான் போனார். 2021இல் கோவிட் ஊசியை இலவசமாகப் போட்ட ஞாபகத்தில், எங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்துவிட்டு வந்து, "இது வெளியில காசுக்குத்தானாம்" என்றார். நிமோனியா வந்துவிட்டால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் காசில்லாமல் பார்ப்பார்கள். ஆனால் இலவசத் தடுப்பூசி அட்டவணை பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியது. எழுபது தாண்டியவர்களின் நிமோனியா ஊசிக்கு அதில் இடமில்லை.

சரி என்று மார்பு நோய் டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணினோம். அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. அதோடு புறக்கோட்டையில் காலமெல்லாம் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே கடை நடத்திய நெஞ்சு. டொக்டர் பொறுமையாக விளக்கினார். நியுமோகொக்கஸ் என்ற கிருமிக்கு எதிரான ஊசிதான் இது. எல்லா நிமோனியாவையும் தடுக்காது. அந்தக் கிருமியில் பல வகை உண்டு. 13 வகைக்கான, கொன்ஜுகேட் என்ற ரக ஊசியை முதலில் போட்டு, குறைந்தது ஒரு வருடம் கழித்து 23 வகைக்கானதைப் போடலாம். 20 வகைக்கானது கிடைத்தால் அது ஒன்றே போதும். எங்களுக்குக் கிடைத்தது 13. அதாவது ஊசி இரண்டு, பில் இரண்டு, அதுவும் வெவ்வேறு பொலிசி வருடங்களில்.

வெளிப் பார்மசியில் வாங்கிவந்தால் மலிவாக இருக்குமே என்று கேட்டேன். டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்கவேண்டிய மருந்தைக் காலி வீதி வெயிலில் ஓட்டோவில் கொண்டுவருவதா என்றார். வெளியில் வாங்கியதைப் போட மறுக்கும் இடங்களும் உண்டு. ஆகவே ஆஸ்பத்திரியிலேயே போட்டோம்.

பில்லைப் பார்த்தால் 'தடுப்பூசி' என்று ஒரே ஒரு வரி, பக்கத்தில் மொத்தத் தொகை. டொக்டர் கட்டணமும் அதற்குள்தான். கிளைம் அப்படியே திரும்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில்தான் அக்கா கைகொடுத்தாள். நியூ ஜெர்சியில் ஒரு கிளினிக்கில் பில்லிங் வேலை செய்கிறாள். அங்கே 65 தாண்டியவர்களுக்கு உள்ள அரசாங்கக் காப்புறுதியான மெடிகெயார் இந்த ஊசிக்கு 1981இல் இருந்தே பணம் கொடுக்கிறது. பார்ட் பி என்ற பிரிவில் வரும். மெடிகெயார் தருவதை முழுக் கட்டணமாக ஏற்கும் இடத்தில் போட்டால் நோயாளி கையிலிருந்து ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆனால் பில்லில் மருந்துக்கு ஒரு கோட் (குறியீட்டு எண்), போட்டுவிடும் வேலைக்கு ஜி0009 என்று இன்னொரு கோட், தடுப்பூசிக்காக வந்தார் என்பதற்கு இசட்23. எல்லாம் தனித்தனி. அதே தோளில் போடும் ஷிங்கிள்ஸ் (அக்கி) ஊசிக்கு வேறு பிரிவு, பார்ட் டி. அவர்களுக்கும் தலையிடி இல்லாமல் இல்லை.

"தம்பி, ஒரே வரியில எழுதித் தந்தா வாங்காதை. டொக்டர் காசு வேற, மருந்து வேற, நேர்ஸ் போட்டது வேற எண்டு பிரிச்சுத் தரச் சொல்லு. மருந்துக்குத் தராட்டிலும் டொக்டர் காசுக்குத் தரத்தானே வேணும்," என்றாள்.

திரும்பவும் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை நல்ல மனதோடுதான் ஒரு யோசனை சொன்னாள்: தடுப்பூசி என்று போடாமல் வெறுமனே 'ஊசி மருந்து' என்று போட்டுத் தரவா? வேண்டாம் என்றேன். அப்பாவின் கிளினிக் கொப்பியைத் திறந்தால் விஷயம் வெளியே வந்துவிடும். ஊசி போட்ட அன்று நேர்ஸ் மிஸ் மருந்துப் பெட்டியிலிருந்த சின்ன ஸ்டிக்கரை உரித்து அதில் ஒட்டி, தேதி எழுதி, கையெழுத்தும் வைத்திருந்தார். மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் அந்த விரல் நகமளவு தாளில் இருக்கின்றன. அடுத்த ஊசி எப்போது, எது என்று தீர்மானிக்கவும் அதுதான் ஆதாரம். உங்களுக்கு ஒட்டித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பிரித்த பில் கிடைத்தது. டொக்டரிடமும் ஒரு கடிதம் வாங்கினேன். நெஞ்சு வருத்தத்தின் தொடர் பரிசோதனைக்கு வந்தவர், சீனி வருத்தம் உள்ளவர், முன்பு நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர், ஆகவே ஊசி அவசியம் என்று எழுதித் தந்தார். மருந்துச்சிட்டை, அசல் பற்றுச்சீட்டு, கடிதம் மூன்றையும் வைத்து மறுபடி அனுப்பினேன். எல்லாவற்றையும் முதலில் போட்டோ எடுத்து வைத்தேன், அசல் போனால் திரும்பி வராது.

டொக்டர் கட்டணம் ஓபிடி வரம்பிலிருந்து, அதாவது ஆஸ்பத்திரியில் தங்காமல் பெறும் சிகிச்சைக்கான தொகையிலிருந்து, வந்தது. மருந்துக்கும் நேர்ஸ் கட்டணத்துக்கும் திரும்பவும் இல்லை என்றார்கள். ஏன் என்று ஒஃபிஸ் எச்.ஆர். மூலம் கேட்டதில், பொலிசிப் புத்தகத்தின் விலக்குப் பட்டியலில் தடுப்பூசி என்று தெளிவாகவே அச்சிட்டிருந்த பக்கத்தைக் காட்டினார்கள். கடிதம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்தப் பட்டியலை மீறாது. அதை மாற்ற ஒரே சமயம், கம்பனி குழுக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் நேரம். ஒருவர் தனியாகக் கேட்டால் நடக்காது. பெற்றோரைச் சேர்த்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து, ஓபிடி வரம்புக்குள்ளேயே முதியோர் தடுப்பூசியையும் அனுமதிக்கும்படி கேட்டு எச்.ஆருக்கு எழுதியிருக்கிறோம். வரம்பைக் கூட்டச் சொல்லாததால் பிரீமியம் பெரிதாக ஏறாது என்பது எங்கள் வாதம்.

அம்மாவுக்கும் போடவேண்டும். அவசரம் இல்லை என்று டொக்டர் சொன்னதால் புதிய பொலிசி கைக்கு வரும்வரை பொறுத்திருக்கிறோம். அதற்கிடையில் வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் எடுத்து, எந்த ஊசி இருக்கிறது, மருந்து மட்டும் எவ்வளவு, போட்டுவிட எவ்வளவு, பில்லைப் பிரித்துத் தருவார்களா என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒரே மருந்துக்கு இடத்துக்கு இடம் விலை வேறு. அப்பாவின் 23 வகை ஊசிக்கும் அந்தப் பட்டியல் உதவும்.