மேக்ரோவுக்கு லீவு

நம்ம கோஆர்டினேட்டர் மேடம் திரும்பவும் கூப்பிட்டாங்க. என் மூஞ்சியைப் பாத்ததுமே வீட்டுல சின்னவ "என்னப்பா, ஃபாரமா?"ன்னுட்டா.

எல்லாம் நான் எடுக்கற அந்த சாயங்கால எக்ஸெல் கிளாஸ் விவகாரம்தான். கோர்ஸ் நோக்கம்னு அச்சடிச்சுக் குடுத்ததுல டேட்டாவைச் சுருக்கிக் காட்டற பிவட் டேபிள், வேலையைத் தானா செய்யற மேக்ரோ, டாஷ்போர்டுன்னு ராக்கெட் விடுற ரேஞ்சுக்கு இருக்கும். பாதி ஓடினதும் வழக்கம்போல ஆளுக்கொரு துண்டுச்சீட்டு நீட்டி, பேர் வேணாம், இப்ப எது உதைக்குதுன்னு மட்டும் எழுதுங்கன்னேன். பிவட் டேபிள்னு ஒரு ஜீவன் எழுதணுமே! "பிரிண்ட் எடுத்தா டோட்டல் காலம் (அதான், அந்த நெடுக்கு வரிசை) மட்டும் தனி பேப்பர்ல போகுது." "போன் நம்பர் முன்னாடி இருக்கற ஜீரோவை முழுங்கிடுது." "3-4ன்னு அடிச்சா தேதியாயிடுது, திட்டலாமா?" ஒருத்தர் வெறுமனே "சார் மெதுவா"ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற.

அப்புறம் என்ன, மேக்ரோவைத் தூக்கி ஓரமா வெச்சாச்சு. ஜீரோ வேணும்னா மொதல்ல செல்லை, அதாவது அந்தக் கட்டத்தை, டெக்ஸ்ட்டா மாத்திட்டு அப்புறம் நம்பரை அடிங்க, பேஜ் லேஅவுட்ல அகலம் ஒரு பக்கம்னு வைங்க, உயரத்தை ஆட்டோமேட்டிக்லயே விடுங்கன்னேன். டோட்டல் காலம் உள்ள வந்து சமத்தா உக்காந்ததும் பின் வரிசை ஐயா "அடப்பாவி, இத்தனை வருஷமா பசை தடவி ஒட்டிட்டிருந்தேனே"ன்னார்.

மேடத்துக்கு அதெல்லாம் சரிதான், ஆனா நோக்கத்தை மாத்தினா ஃபாரம் வேணுமாம். அதுலயும் "புரிந்துகொள்வார்கள்"னு எழுதக்கூடாது, அளக்க முடியாதாம், "செய்து காட்டுவார்கள்"னுதான் எழுதணுமாம், கேட்டா படிப்பு நோக்கங்களைப் படிப்படியா வகை பிரிச்ச ப்ளூம்ங்கற அமெரிக்கக் கல்வியாளர் சொல்லியிருக்காராம். 1956ல அந்த ப்ளூம் கோஷ்டி போட்ட பட்டியல்லயே புரிதல் ரெண்டாவது படியா இருக்கு, ஆனா அதை மேடம்கிட்ட சொல்ல எனக்கென்ன பைத்தியமா? "டோட்டல் காலத்தை ஒரே பக்கத்துக்குள் அடக்கிக் காட்டுவார்கள்"னு எழுதி அனுப்பினேன். நோக்கம் மாதிரி இல்ல, சபதம் மாதிரி இருக்குன்னு திரும்பி வந்துருச்சு.

இத்தனைக்கும் மார்ச்1ன்னு ஒரு ஜீன் பேரை அடிச்சா எக்ஸெல் அதை மார்ச் ஒண்ணாந்தேதி ஆக்கிடுதுன்னு, 2020ல மனுஷ ஜீன்கள் சிலதுக்கு பேரையே மாத்தினாங்க. எக்ஸெலுக்காக ஜீன் பேரையே மாத்தறாங்க, இங்க ஒரு வரியை மாத்த "முன்னரே ஏன் திட்டமிடவில்லை"ன்னு ஒரு கட்டம். வரப்போறவங்க யாருன்னு அவங்க வர்றதுக்கு முன்னாடியே எப்படிய்யா தெரியும்?

அந்த ஃபாரமும் எக்ஸெல்தான். இருக்கற செல்லையெல்லாம் மெர்ஜ் பண்ணி வெச்சிருக்காங்க, பிரிண்ட் குடுத்தா கையெழுத்துக் கட்டம் மட்டும் ரெண்டாவது பேப்பர்ல போய் விழுது. கிளாஸ்ல பயிற்சிக்கு அதையே குடுத்துட்டேன். பின் வரிசை ஐயா சட்டுன்னு சரி பண்ணிட்டு, ரொம்ப அக்கறையா கேக்கறார்: "இதைச் செஞ்சவங்க அடுத்த பேட்ச்ல சேருவாங்களா சார்? நான் வேணா பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கறேன்."