நான்காம் வகுப்புக்கு ஜூலு: ஆண்டுத் திட்டக் குறிப்புகள்

நவம்பர் 24

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பள்ளி. பாடத்திட்டக் கணக்கில் ஆங்கிலம் வீட்டுமொழி, அதாவது முதன்மை மொழிப்பாடம்; அந்நாட்டு ஆப்பிரிக்க மொழிகளில் ஒன்றான ஜூலு முதல் கூடுதல் மொழி, அதாவது இரண்டாம் மொழிப்பாடம். இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் வட்டாரங்களில் இதுதான் பரவலான ஏற்பாடு. 1860 முதல் கப்பலில் வந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்களின் வாரிசுகளும் இன்று வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலமே.

தேசியப் பாடத்திட்டம் 4 முதல் 6 வரையுள்ள வகுப்புகளில் முதல் கூடுதல் மொழிக்கு வாரம் 5 மணி நேரம் தருகிறது. திட்டமிடுவது இரு வாரச் சுற்றாக: கேட்டல், பேசுதல் 2 மணி, வாசிப்பு 5 மணி, எழுத்து 2 மணி, மொழியமைப்பு 1 மணி. பருவத்துக்கு 10 வாரம் என்றால் நான்கு பருவத்துக்கு 20 சுற்று. தேர்வு வாரங்களும் விளையாட்டு விழாவும் போக, 17 சுற்றுக்கு மேல் நம்பக்கூடாது. இருபதுக்கும் பாடம் அடுக்கி வைத்தால் அக்டோபரில் எல்லாமே அரைகுறையாக நிற்கும்.

கவலை தருவது அந்த ஒரு மணி நேர மொழியமைப்புதான். ஜூலுவுக்கு அது போதவே போதாது. பேச்சு, வாசிப்பு நேரங்களுக்குள்ளேயே இலக்கணத்தை வைத்துத் தைத்தாக வேண்டும்.

நவம்பர் 26

பாடநூல்கள் தலைப்பு வரிசையில் போகின்றன: குடும்பம், உடல், விலங்குகள், போக்குவரத்து. சிக்கல் அங்கேதான். ஜூலுவில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஒரு பெயரினத்தைச் சேர்ந்தது. அந்த இனத்துக்குரிய முன்னொட்டு பெயரிலும் வரும், வினையிலும் வரும். தமிழில் 'பையன் போகிறான், வண்டி போகிறது' என்று வினையின் கடைசியில் பொருந்துவது அங்கே வினையின் முதலில் பொருந்துகிறது. மூன்றாம் வாரமே உடலுறுப்புகளை எடுத்தால் தலை, காது, வாய், கை, பாதம் ஆகிய ஐந்தும் ஐந்து வெவ்வேறு இனம். பிள்ளை சொற்களை மனப்பாடம் செய்துவிடும், ஒரு வாக்கியமும் பேசாது.

அதனால் இனத்தை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு தலைப்புகளை அதன்மேல் பொருத்துவது. ஒரே வினை, போவதைக் குறிக்கும் 'ஹம்பா'. மாறுவது பெயர் மட்டும்:

உம்ஃபானா உயாஹம்பா (பையன் போகிறான்), அபாஃபானா பயாஹம்பா (பையன்கள் போகிறார்கள்).
இமோத்தோ இயாஹம்பா (கார் போகிறது), இஜிமோத்தோ ஜியாஹம்பா (கார்கள்).
இசிதிமெலா சியாஹம்பா (ரயில்), இஜிதிமெலா ஜியாஹம்பா (ரயில்கள்).
இபாசி லியாஹம்பா (பேருந்து), அமபாசி அயாஹம்பா (பேருந்துகள்).

முதல் பருவத்தில் மனிதர் இனமும், கார், நாய் முதலியன சேரும் இனமும் மட்டும். இரண்டாவதில் ரயில், பள்ளி இனமும் பேருந்து இனமும். மரம், வாய், ஆறு சேரும் இனத்தை வேண்டுமென்றே மூன்றாம் பருவத்துக்குத் தள்ளியாயிற்று. அதன் ஒருமை முன்னொட்டும் வினைப் பொருத்தமும் மனிதர் இனத்துடையதைப் போலவே இருப்பதால், அருகருகே கற்பித்தால் இரண்டும் குழம்பும். பன்மையில்தான் வேறுபாடு தெரியும். மனிதன் உமுந்து, மனிதர்கள் அபந்து. மரம் உமுதி, மரங்கள் இமிதி. ஆகவே எந்தச் சொல்லையும் ஒருமையில் மட்டும் கொடுப்பதில்லை. அட்டையின் ஒரு பக்கம் ஒருமை, மறுபக்கம் பன்மை. பெயரின் முன்னொட்டும் வினையின் முன்னொட்டும் ஒரே வண்ணத்தில் இருக்க வேண்டும். சுற்றுக்கு 12 புதுப் பெயர், 4 புது வினை. அதற்கு மேல் வேண்டாம்.

நவம்பர் 27

'ங்கியாஹம்பா' என்றால் நான் போகிறேன். 'பேருந்தில்' என்று பின்னால் சேர்ந்தால் 'ங்கிஹம்பா ங்கெபாசி'. நடுவிலுள்ள 'யா' விழுந்துவிடும். பிள்ளைகள் எல்லா இடத்திலும் 'யா' போடுவார்கள், முதலில் கேட்ட வடிவம் அதுதானே. நான்காம் சுற்றிலிருந்தே இரண்டையும் ஜோடியாகக் கேட்க வைத்தால் சரியாகும். விதியாகச் சொல்லிக்கொடுப்பது இரண்டாம் பருவத்தில் போதும்.

டிசம்பர் 1

சொடுக்கொலிகள், அதாவது நாக்கைச் சொடுக்கி எழுப்பும் மெய்யொலிகள். ஜூலுவை எழுதுவது ஆங்கில எழுத்துகளில்; அதில் இவை சி (c), கியூ (q), எக்ஸ் (x). 'சி' பல்லுக்குப் பின்னால் நாநுனியை வைத்து உறிஞ்சுவது, நாம் உச்சுக் கொட்டும் அதே ஒலி. 'கியூ'வுக்கு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று இறக்க வேண்டும். 'எக்ஸ்' நாக்கின் ஓரத்தில், கடைவாய்ப் பக்கம் பிறக்கும்.

இவற்றுக்கென்று ஒரு தனி வாரம் ஒதுக்குவது வீண். அந்த வாரம் சிரித்து விளையாடிவிட்டு அடுத்த வாரம் மூன்றையும் 'க' ஆக்கிவிடுவார்கள். தினமும் 5 நிமிடம், ஆண்டு முழுக்க. தனி ஒலியாக எல்லோருக்கும் வந்துவிடும். தடுக்குவது அடுத்த உயிரோடு சேர்க்கும்போதுதான், நடுவில் ஓர் இடைவெளி விழும். எனவே வகுப்பறைக் கட்டளைகளிலேயே பழக்குவது நல்லது: பாடு என்பதற்கான சொல்லில் 'சி', தொடங்கு, முடி இரண்டிலும் 'கியூ', கலந்து பேசு என்பதில் 'எக்ஸ்'. தினமும் காதில் விழும் சொற்கள் இவை.

இன்னொன்று, 'ஹெச்' (h). 'பி'க்குப் (b) பின் 'ஹெச்' வந்தால் 'பலா' (bhala) என்பது எழுது, வராவிட்டால் (bala) எண்ணு. 'பெகா'வில் 'ஹெச்' இருந்தால் (bheka) பார், இல்லாவிட்டால் (beka) வை. நான்குமே அன்றாடக் கட்டளைகள். சொல்வதெழுதலில் அதிகம் பிழை விழும் இடமும் இதுதான்.

டிசம்பர் 3

வாசிப்பு வேகத்தை ஆங்கிலக் கணக்கில் அளக்கவே கூடாது. ஜூலு ஒட்டி எழுதும் மொழி. 'நான் உன்னை நேசிக்கிறேன்' முழுவதும் 'ங்கியாகுதந்தா' என்ற ஒரே சொல். நாட்டின் கல்வித்துறை ஜூலு அடங்கிய ங்கூனி மொழிகளுக்கு வைத்த அளவு, அவற்றை வீட்டுமொழியாகப் படிக்கும் பிள்ளைக்கே மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குச் சரியான 35 சொல். கூடுதல் மொழியாகப் படிக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளை 20 சொல்லைப் புரிந்து வாசித்தால் மகிழ்ச்சியோடு மேலே நகரலாம். ஜூலு வீட்டுமொழிப் பயிற்சி நூலைக் கொடுப்பதானால் இரண்டு வகுப்பு கீழே இறங்கி எடுக்க வேண்டும்.

அகராதிக்கு ஒரு முழுப் பாடவேளை. பழைய அகராதிகள் வேர்ச்சொல் வரிசையில் அமைந்தவை. 'அபந்து'வை 'அ'வில் தேடினால் கிடைக்காது, முன்னொட்டைக் கழற்றி 'ந்து'வில் தேட வேண்டும். முன்னொட்டைப் பிரிக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஜனவரி 7

வகுப்பில் ஒரு பகுதிப் பிள்ளைகள் வீட்டிலேயே ஜூலு பேசுகிறவர்கள். எல்லாக் கேள்விக்கும் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள், மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அவர்களை 'உதவி ஆசிரியர்' ஆக்கிவிடுவது எளிது, ஆனால் அநியாயம். அவர்களும் கற்கத்தானே வந்திருக்கிறார்கள்? கதையைத் தங்கள் சொல்லில் எழுதுவது, ஜூலு வானொலியான உக்கோஜி எஃப்எம் செய்தியில் ஒரு நிமிடம் கேட்டுக் குறிப்பெடுப்பது, இவை அவர்களுக்கான வேலை. பேச்சில் எண்களை ஆங்கிலத்தில் சொல்லும் பழக்கம் அவர்களுக்கும் உண்டு. இரண்டு பேர் 'அபந்து அபபிலி', இரண்டு கார் 'இஜிமோத்தோ எஜிம்பிலி' என்று எண்ணுச் சொல்லும் இனத்துக்கேற்ப மாறுமிடத்தில் அவர்களும் தடுமாறுவார்கள். எல்லாரும் சேர்ந்து கற்க ஏற்ற பாடம் அது. மூன்றாம் பருவத்துக்கு வைத்தாயிற்று.

முதல் நாள் வணக்கம்: சக பிள்ளைக்குச் 'சாவுபோனா', ஆசிரியருக்கும் பெரியவருக்கும் பன்மையில் 'சானிபோனானி'. இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஜனவரி 9

செப்டம்பர் 24 மரபுரிமை நாள். அதையொட்டிய சுற்றில் நாட்டுப்புறக் கதை. சொல்பவர் 'க்வெசுகெசுகெலா' (முன்னொரு காலத்தில்) என்று தொடங்க, கேட்பவர்கள் சொடுக்கொலியோடு பதில் குரல் கொடுப்பது மரபு. தந்திரக்காரக் கீரி சாகிஜானாவின் கதை ஒன்று போதும், மூன்று முறை சொல்லலாம்.

ஜனவரி 12

வாய்மொழித் தேர்வு. 36 பிள்ளை, ஆளுக்கு 3 நிமிடம் என்றாலே 108 நிமிடம். ஒரு சுற்றின் பேச்சு நேரம் முழுக்கப் போய்விடும். கடைசி வாரத்துக்கு விட்டால் அவசரத்தில் மதிப்பெண் மட்டும் மிஞ்சும். ஆறாம் வாரத்திலிருந்து வாசிப்பு நேரத்தில், மற்றவர்கள் தனியே படிக்கும்போது, நாளுக்கு இருவர். பதினெட்டு பள்ளி நாளில், ஒன்பதாம் வாரத்துக்குள் முடிந்துவிடும். தாளில் மூன்றே கட்டம்: வினை பெயரோடு பொருந்துகிறதா, சொடுக்கொலி உயிரோடு சேர்கிறதா, கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா. உச்சரிப்பு அழகுக்குத் தனிக் கட்டம் வேண்டாம். அது வீட்டில் ஜூலு பேசும் பிள்ளைக்குப் பரிசாக மட்டுமே போய்ச் சேரும்.