பாட்டியின் 4,812

பதினெட்டு வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதிக்கிறேன். எழுதியதெல்லாம் சம்பளப் பட்டியல் போடுகிற சங்கதி. பிடித்தம் எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு என்று கணக்குக் காட்டும். அதைத் திறந்து பார்த்து ஒருத்தராவது சந்தோஷப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. அதனால்தான் நாலாவது படிக்கிற என் மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, நாம ஒரு கேம் பண்ணலாமா?" என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இவ்வளவுதானே? அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்" என்றேன். ஆபீஸில் இதே வார்த்தையைச் சொல்லித்தான் பல சனிக்கிழமைகளைத் தொலைத்திருக்கிறேன். புத்தி வரவில்லை.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஸ்க்ராட்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேபில் உருவாகி 2007-இல் வெளிவந்த புரோகிராம் மொழி. டைப் அடிக்கிற வேலையே கிடையாது. கலர் கலரான கட்டைகளை இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாகச் செருகினால் அதுதான் புரோகிராம். செருகக்கூடாத இடத்தில் கட்டை செருகிக்கொள்ளாது, ஆகவே இலக்கணப் பிழைக்கு வழியே இல்லை. 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தார்களாம். எனக்கு வயது நாற்பத்து மூன்று. அந்த வயது வரம்பை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் காலத்தில் லோகோ. 1967-இல் பிறந்த மொழி, ஸ்க்ராட்ச்சுக்கு ஒருவகையில் தாத்தா முறை. "எஃப்.டி. 100, ஆர்.டி. 90" என்று அடித்தால் ஆமை நூறு அடி நடந்து வலது பக்கம் திரும்பும். ஆமை என்று சார் சொன்னார். திரையில் இருந்தது ஒரு முக்கோணம். வருஷம் முழுக்க ஒரு முக்கோணத்தை ஆமை என்று நம்பிச் சதுரம் போட்ட தலைமுறை நாங்கள். இங்கேயோ திறந்தவுடனே ஆரஞ்சு கலரில் ஒரு பூனை கண்ணை விரித்துக்கொண்டு நிற்கிறது.

கேம் இதுதான்: மேலிருந்து பந்து விழும், கீழே பூனை அங்குமிங்கும் ஓடிப் பிடிக்கும், பிடித்தால் ஒரு பாயிண்ட்.

முதலில் பூனையை ஓடவிட்டேன். வலது அம்பு அமுக்கினால் வலது பக்கம் பத்து அடி. சூப்பர். இடது அம்பு அமுக்கினேன். பூனை தலைகீழாகக் கவிழ்ந்து, கால் நான்கும் ஆகாயத்தைப் பார்க்க, இடது பக்கமாகப் போனது.

"அப்பா! செத்துப்போச்சு!"

"சாகலை, இரு." எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. ஸ்க்ராட்ச்சில் 90 டிகிரி என்றால் வலது, மைனஸ் 90 என்றால் இடது. பூனை மொத்தமாகச் சுழன்று இடது பக்கம் திரும்பினால் தலை கீழே போகாமல் என்ன செய்யும்? நான் கணக்கை விளக்கி, இதற்கென்று தனியாக இரண்டாவது உருவம் வரைந்து மாற்றிப் போடலாம் என்று ஆரம்பிப்பதற்குள், அவள் எட்டி எதையோ இரண்டு தட்டுத் தட்டினாள். பூனை நிமிர்ந்துவிட்டது. இடம் வலமாக மட்டும் திரும்பு என்று சொல்வதற்கு அங்கேயே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன்."

நான் கடைசியாக ஒரு சாஃப்ட்வேரில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். வேலை போய்விடும்.

அடுத்து பந்து. கேம் நடக்கிற மேடை 480-க்கு 360. நட்டநடுவில் பூஜ்யம், உச்சி 180, அடி மைனஸ் 180. பந்தை உச்சியில் வைத்து, சுற்றுக்கு ஐந்து ஐந்தாக இறக்கு, தரையைத் தாண்டியதும் மறுபடி உச்சிக்கு அனுப்பு. அனுபவஸ்தன் இல்லையா, எதற்கும் இருக்கட்டும் என்று மைனஸ் 180-க்குப் பதிலாக மைனஸ் 200 என்று போட்டேன். பந்து இறங்கியது, தரையில் முக்கால்வாசி புதைந்தது, அப்படியே நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் முறைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது: ஸ்க்ராட்ச் எந்த உருவத்தையும் மேடையை விட்டு முழுசாக வெளியே போக விடாது. கொஞ்சமாவது கண்ணில் படும்படி விளிம்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். பிள்ளைகள் பூனையைத் தொலைத்துவிட்டு அழக்கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கும். என் பந்து மைனஸ் 200-ஐப் பார்க்கவே போவதில்லை.

அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

ஸ்கோருக்கு வந்தோம். பந்து பூனையைத் தொட்டால் ஒன்று கூட்டு. இதில் என்ன தப்பு வரப்போகிறது? முதல் பந்தைப் பிடித்தாள், ஸ்கோர் 19. இரண்டாவதற்கு 41. மூன்றாவது பந்து காதோரமாக உரசிக்கொண்டு போனதற்கு நாலு பாயிண்ட்.

"அப்பா, காதுல பட்டா நாலு, தலைல பட்டா இருபதா?"

விஷயம் என்னவென்றால், ஃபாரெவர் என்கிற கட்டைக்குள் இருப்பது நொடிக்கு முப்பது தடவை ஓடும். பந்து பூனையின் தலையில் பட்டுக் காலைத் தாண்டி வெளியே போகும்வரை, ஒவ்வொரு தடவையும் "தொட்டுச்சா? தொட்டுச்சு, ஒன்று போடு" என்று கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு ரன் ஓடி முடிப்பதற்குள் இருபது ரன் எழுதிவிடுகிற ஸ்கோரர். சரி என்று ஒன்று கூட்டியதும் ஒரு நொடி நிறுத்து என்று போட்டேன். இப்போது பந்து பூனையின் தலைமேல் ஒரு நொடி அப்படியே உட்கார்ந்தது. விழ வைப்பதும் அதே ஃபாரெவர்தானே. "சர்க்கஸ்!" என்று கைதட்டினாள்.

இதற்கு நடுவில், பிடித்தால் மியாவ் என்று கத்த வேண்டும் என்று ஒரு உத்தரவு. சத்தத்தைத் தொடங்கு என்ற கட்டையைத் தவறிப்போய், "தொட்டால்" என்று நிபந்தனை போடுகிற இஃப் கட்டைக்கு வெளியே செருகிவிட்டேன். நொடிக்கு முப்பது தடவை மியாவைத் தொடங்கினால் ஒரு மியாவ்கூட முடியாது. "ம்ம்ம்ம்ம்ம்" என்று, ஸ்டார்ட் ஆகாத மோட்டார் மாதிரி ஒரு முனகல். உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "என்னங்க, லேப்டாப்ப என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல, பூனை."

"நம்ம வீட்ல ஏது பூனை?"

பதில் சொல்கிற நிலைமையில் நான் இல்லை. ஏனென்றால் மகளுக்கு ஒரு பந்து போதவில்லை, நிறைய வேண்டுமாம். அதற்கு குளோன் என்று ஒரு கட்டை உண்டு. ஒரு பந்தை நகலெடுத்துக்கொண்டே போகலாம். நான் எடுத்து ஃபாரெவருக்குள் போட்டேன். நடுவில் இடைவெளி விட மறந்துவிட்டேன். கேமைத் தொடங்குகிற பச்சைக் கொடியை அமுக்கியதும் நகல் மேல் நகலாகக் கொட்டியது. ஸ்க்ராட்ச் முந்நூறு குளோனுக்கு மேல் விடாது, அந்த மட்டும் அவர்கள் முன்யோசனைக்காரர்கள். முந்நூறு பந்தும் மொத்தமாகப் பூனையை மூடிவிட்டது. ஸ்கோர் எண் கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடியது. ஆபீஸாக இருந்தால் இந்நேரம் ஏழு பேர் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து, யார் செய்தது என்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அப்பா... இது செம்ம!" என்றவள் பாட்டியைக் கூப்பிட ஓடினாள்.

என் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நான் என்னடி பண்ணணும்?" "இந்த அம்புக்குறிய அமுக்கு பாட்டி." அம்மா விரலை அம்புக்குறிக்கு மேலே தூக்கி வைத்தபடியே திரையைப் பார்த்தார். பந்து கொட்டியது. பூனை நின்ற இடத்திலேயே நின்றது. நிறுத்துகிற சிவப்புப் பட்டனை மகள் அமுக்கியபோது ஸ்கோர் 4,812.

"பாட்டி! நீதான் சாம்பியன்!"

"நான் ஒண்ணுமே தொடலையேடி" என்றார் அம்மா. ஆனால் முகத்தில் பெருமை தெரிந்தது. ராத்திரி போனில் யாரிடமோ, "கம்ப்யூட்டர் ஆட்டத்துல என்னை யாரும் ஜெயிக்க முடியலையாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

எல்லாரும் தூங்கியபின் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினேன். ஒரே பந்து. தொட்டால் ஒன்று கூட்டி, அந்தச் சுற்றிலேயே உச்சிக்கு அனுப்பு. பக்கவாட்டில் எங்கிருந்து விழும் என்பதை மைனஸ் 220-க்கும் 220-க்கும் இடையில் குத்துமதிப்பாக அதுவே எடுத்துக்கொள்ளும். முடிந்தவரை ஓடிப் பிடித்துவிட்டு மறுபடி கொடியை அமுக்கினால் ஸ்கோர் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது என்பதையும் கவனித்தேன். ஸ்கோர் மாதிரி எண்ணை நினைவில் வைத்திருக்கிற வேரியபிள் தானாகப் பூஜ்யமாகாது, நாம்தான் ஆக்க வேண்டும். தொடக்கத்தில் அந்த ஒரு கட்டையைச் செருகி, சேமித்து, நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் வீட்டில் இழவு விழுந்த மாதிரி அமைதி.

"பாட்டியோட ஸ்கோர அழிச்சிட்டியாப்பா?" மகளின் கண்ணில் தண்ணீர். பின்னால் அம்மா. "ஏன்டா, இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன இடைஞ்சல் அது?"

அது பிழையால் வந்த எண், செல்லாது, நொடிக்கு முப்பது தடவை என்று நான் ஆரம்பித்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது அந்த கேமில் இன்னொரு வேரியபிள் இருக்கிறது. பெயர் "பாட்டி ரெக்கார்டு". கொடியை அமுக்கியதும் முதல் வேலையாக அதற்கு 4812 என்று மதிப்பு கொடுக்கும் கட்டை, என் கையால் செருகியது. ஆபீஸில் ஜூனியர் பையன் இப்படி எண்ணை நேரடியாக எழுதிவைத்தால் அரை மணி நேரம் வகுப்பெடுப்பேன். பந்து உச்சியிலிருந்து பூனையின் தலைக்கு வர ஏறக்குறைய ஒன்றரை நொடி. ஒரு பந்துகூடத் தவறாமல் பிடித்தாலும் அந்த ரெக்கார்டைத் தொட இரண்டு மணி நேரம் விடாமல் ஆட வேண்டும்.

மகளின் அதிகபட்சம் 212. என்னுடையது 37. அம்மா தினமும் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்து, எண் அப்படியே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு போகிறார்.