லண்டன் தூறலும் வன்னி மாரியும்

12 ஒக்டோபர் 2024, கிளிநொச்சி

லண்டன் போகிறவருக்கு ஊரில் கிடைக்கிற முதல் புத்திமதி: "குடை கொண்டு போங்கோ, அங்கை எந்த நேரமும் மழை." கணக்கு அப்படிச் சொல்லவில்லை. லண்டனில் வருடம் முழுக்க விழுவது ஏறக்குறைய 600 மில்லிமீற்றர். இலங்கையின் உலர் வலயம் என்று படித்த வன்னியில் ஆயிரத்துக்கும் மேல். எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிக் குளங்களை நிரப்பிவிடும். பிறகு மாதக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடக்கும். அங்கே அந்த அறுநூறும் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரிந்து தூறுகிறது. நனைகிற நாட்கள் அதிகம், விழுகிற தண்ணீர் குறைவு.

16 ஒக்டோபர், லண்டன்

தூறலோடு காற்றும் வரும். மலிவுக் குடையின் கம்பிகள் மறுபக்கம் மடங்கிவிடும். தலைமூடியோடு, இடுப்புக்குக் கீழ்வரை இறங்கும் மழைக்கோட்டுத்தான் உதவும். ஒரே தடித்த கோட்டை நம்பிப் போவது பிழை. கடைகளுக்குள் வெப்பமூட்டி ஓடும். உள்ளே வியர்க்கும், வெளியே வந்ததும் அந்த ஈரம் குளிரும். மெல்லிய உடுப்பு, சுவெற்றர், மேலே மழைக்கோட்டு என்று அடுக்கினால் கழற்றிப் போடலாம். துணிச் சப்பாத்து வேண்டாம், நனைந்தால் மறுநாளும் காயாது.

19 ஒக்டோபர்

பழைய லண்டன் படங்களில் வரும் மஞ்சள் மூட்டம் மூடுபனி மட்டுமல்ல, நிலக்கரிப் புகையும் சேர்ந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அது நகரை மூடியதில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அந்த மூட்டம் இன்று இல்லை.

23 ஒக்டோபர்

"வெள்ளைக்காரன் ஊர், ஆங்கிலம் தடக்கினால் கரைச்சல்" என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: 2021 குடிசன மதிப்பீட்டில் லண்டன்வாசிகளில் ஐந்தில் இருவர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் தமிழிலேயே சாமான் வாங்கலாம்.

பஸ்ஸில் பேச்சே தேவையில்லை. 2014இலிருந்து காசு எடுப்பதில்லை. ஏறும்போது வங்கி அட்டையால் கருவியில் ஒருதரம் தொடவேண்டும், 2024இல் கட்டணம் 1.75 பவுண். முதல் தொடுகையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு பஸ் ஏறினால் இலவசம், ஆனால் அதே அட்டையாக இருக்கவேண்டும். பேர்சோடு சேர்த்துத் தொட்டால் உள்ளே இருக்கிற வேறு அட்டையில் காசு போய்விடும். நிலக்கீழ் றெயினில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தொடவேண்டும். வெளியே வரும்போது மறந்தால் ஆகக்கூடிய கட்டணம் அறவிடப்படும்.

27 ஒக்டோபர், ஞாயிறு

ஒக்டோபரின் கடைசி ஞாயிறு லண்டனில் கடிகாரத்தைப் பின்தள்ளுவார்கள்: அதிகாலை 2 மணி, 1 மணியாகும். எங்களுக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் நாலரை மணித்தியாலத்திலிருந்து ஐந்தரையாகிறது. லண்டனிலிருந்து மாலை ஆறுக்கு வீட்டுக்கு அழைத்தால் கிளிநொச்சியில் இரவு பதினொன்றரை.

மழையைவிட இந்த இருட்டுக்குத்தான் மனதைத் தயார்ப்படுத்தவேண்டும். இன்று பொழுதுபட்டது ஐந்துக்கு முன்னமே. டிசம்பர் நடுவில் நாலுக்கு முன். விளக்கு வைக்கிற நேரம் ஆறு என்று பழகிய வயதானவர்களுக்கு இது பெரிய வதை. பூங்காவோ ஆற்றங்கரையோ, வெளி அலைச்சலை மத்தியானத்தோடு முடிப்பது நல்லது.

2 நவம்பர்

ஊரிலிருந்து அரிசி சுமக்கத் தேவையில்லை. பொதிக்குள் இறைச்சி, நெய், பால்மா வைத்தால் விமான நிலையத்தில் பறிபோகும். வறுத்த மிளகாய்த்தூளுக்குத் தடையில்லை.

20 நவம்பர், கிளிநொச்சி

இந்த மாதங்களில் "100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை" என்று வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிப்பது வழமை. லண்டன் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காண்கிற தண்ணீர், ஒரே நாளில். அந்த மழைக்கோட்டு இங்கே உதவாது, உள்ளே அவிந்து போகும். வயலுக்குப் போகிறவர்கள் உரப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறார்கள்.