சந்தேகப்பட்டவர் ஏன் எதிரியாகிறார்? சதிக்கோட்பாட்டுக் கேள்விக்கு விடை எழுதும் விதம்

உளவியலை ஆப்ஷனலாக எடுத்து யூ.பி.எஸ்.சி. மெயின்ஸ் எழுதுபவர்கள் எளிது என்று நினைத்துக் கோட்டைவிடும் கேள்விகளில் இதுவும் ஒன்று: சதிக்கோட்பாட்டை, அதாவது பலம் மிக்கவர்கள் ரகசியமாகக் கூடி நடத்தியது இது என்ற கதையை, நம்புகிறவர், அதைச் சந்தேகிப்பவர் மீது ஏன் பாய்கிறார்? இதே சொற்களில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் தாளில் மனப்பான்மை உருவாவதும் நிலைப்பதும் என்ற பகுதியிலிருந்து கேட்கலாம். இரண்டாம் தாளில் ஊடகத் தாக்கம், பயங்கரவாத உளவியல் வழியாக வரலாம். எத்திக்ஸ் தாளில் கேஸ் ஸ்டடியாக உருமாறி நிற்கலாம். எம்.ஏ. சமூக உளவியல் எழுதுபவர்களுக்கும் தயாரிப்பு இதேதான்.

முதலில் கேள்வியைப் பிரிக்க வேண்டும். இதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஏன் நம்புகிறார்கள்? நம்பியதை ஏன் விடுவதில்லை? விடாததோடு நிற்காமல் ஏன் எதிராளியைப் பகைக்கிறார்கள்? பெரும்பாலான விடைகள் முதல் இரண்டையும் விரிவாக எழுதிவிட்டு, மூன்றாவதைக் கடைசி இரண்டு வரியில் முடித்துவிடும். கேட்டிருப்பதோ மூன்றாவது. நோட்ஸ் எடுக்கும்போதே ஒவ்வொரு ஆய்வின் பக்கத்திலும் 1, 2, 3 என்று எண் போட்டு வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

உதாரணமாக, டக்ளஸ், சட்டன், சிச்சோக்கா மூவரும் 2017-இல் வகுத்த மூன்று தேவைகள்: நடந்ததைப் புரிந்துகொள்ளும் தேவை, பாதுகாப்பையும் கட்டுப்பாட்டையும் உணரும் தேவை, தன்னையும் தன் குழுவையும் உயர்வாகக் காணும் தேவை. இதற்கு எண் 1. மூன்றாவது தேவை மட்டும் பகைமைக்குப் பாலம் போடும், அதனால் அதற்கு 3-உம் போடலாம். லார்ட், ராஸ், லெப்பர் 1979-இல் செய்த ஆய்வுக்கு எண் 2. மரண தண்டனையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களுமாக 48 மாணவர்களிடம் இரு பக்கத்துக்கும் சாதகமான ஆய்வுகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஆய்வை நல்ல ஆய்வு என்றும் பிடிக்காததை ஓட்டை ஆய்வு என்றும் சொல்லி, முன்பைவிட உறுதியாகத் தன் பக்கமே சாய்ந்தார்கள். இதில் பகைமை எங்கும் இல்லை. ஆய்வைத்தான் குறை சொன்னார்கள், ஆளை இல்லை. இந்த வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதினாலே விடை கூட்டத்திலிருந்து தனியே தெரியும்.

அடுத்தது ஃபெஸ்டிங்கர் பொறி. சதிக்கோட்பாடு என்றதும் கை தானாக 'காக்னிடிவ் டிஸ்ஸனன்ஸ்' என்று எழுதிவிடும். நம்பிக்கையும் அதற்கு முரணான சேதியும் மோதும்போது எழும் மன நெருடலுக்கு உளவியலாளர் ஃபெஸ்டிங்கர் வைத்த பெயர் அது. 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் உலகை அழிக்கும், பறக்கும் தட்டு வந்து தங்களைக் காப்பாற்றும் என்று நம்பிய சிகாகோ பக்கத்துச் சிறு குழுவை ஃபெஸ்டிங்கர், ரீக்கன், ஷாக்டர் மூவரும் கவனித்து 1956-இல் நூலாக வெளியிட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த நூல் சொல்லும் முடிவு என்ன? வெள்ளம் வராத பிறகு அந்தக் குழு, அதுவரை ஒதுக்கிவைத்த பத்திரிகைக்காரர்களைத் தானே தேடிப் போனது, புதிதாக ஆள் சேர்க்கப் பார்த்தது. அதாவது, சந்தேகிப்பவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள். பகைமையை விளக்க இந்தக் கதையை அப்படியே சான்றாக வைத்தால் அது நம் வாதத்துக்கு எதிராகவே போகும். தவிர, கவனிக்கப் போன ஆய்வாளர்களே உறுப்பினர்களாக நடித்து அந்தச் சிறு குழுவின் போக்கைப் பாதித்தார்கள் என்ற விமர்சனமும் பழையதுதான்.

டிஸ்ஸனன்ஸை விட்டுவிடச் சொல்லவில்லை, அதில் எந்தத் துண்டு தேவை என்று பார்த்து எடுக்கவேண்டும். முரண்பாட்டைக் குறைக்கப் பல வழிகள் உண்டு: நம்பிக்கையை மாற்றிக்கொள்வது, நம்பிக்கைக்கு ஆதரவாகப் புதிய சேதிகளைச் சேர்ப்பது, முரண்படும் சேதியைச் சொன்னவரின் மதிப்பைக் குறைப்பது. கடைசி வழிதான் நமக்கு வேண்டும். சொன்னவர் விலைபோனவர் என்றாகிவிட்டால் அவர் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இனி விடையின் மையம். சதிக்கோட்பாடு மற்ற தவறான நம்பிக்கைகளிலிருந்து அமைப்பிலேயே வேறுபடுகிறது. 'இரவில் தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும்' என்பதை ஒருவர் மறுத்தால், அவரைப் பற்றி அந்த நம்பிக்கை எதுவும் சொல்வதில்லை. 'பலம் மிக்கவர்கள் கூடி உண்மையை மறைக்கிறார்கள்' என்ற நம்பிக்கையோ, மறுப்பவருக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அங்கே இரண்டே நாற்காலிகள்: ஒன்று ஏமாளிக்கு, மற்றொன்று கையாளுக்கு. முதலில் மறுப்பவரை ஏமாளி நாற்காலியில் உட்காரவைத்து இரக்கத்தோடு விளக்குவார்கள். அவர் விடாமல் ஆதாரம் கேட்டால், இவ்வளவு தெரிந்தவர் ஏமாளியாக இருக்க முடியாது என்று கையாள் நாற்காலிக்கு மாற்றிவிடுவார்கள். கேள்வி கூர்மையாக ஆக ஆகப் பகைமை ஏறுவதற்குக் காரணம் இதுதான். நேர்மையான, விவரம் தெரிந்த சந்தேகி என்ற மூன்றாவது நாற்காலி அந்த அறையில் கிடையாது. இந்தப் பத்தியை உங்கள் சொற்களில் எழுதிப் பழகுங்கள். சுயமாக மூடிக்கொள்ளும் தன்மை என்று பாடநூல்கள் சொல்வதும் இதையே: மறுப்புச் சான்றே சதிக்குச் சான்றாகிவிடும்.

இதற்கு உதாரணம் வேண்டும். பொதுவாக 'கொரோனா காலத்தில் பல வதந்திகள் பரவின' என்று எழுதுவதில் பயனில்லை. ஒரே சம்பவத்தை நெருக்கமாகக் காட்டுங்கள். 2016 டிசம்பர் 4 அன்று, வாஷிங்டனில் உள்ள காமெட் பிங் பாங் என்ற பீட்ஸா கடைக்குள் வட கரோலினாவிலிருந்து வந்த ஓர் ஆள் துப்பாக்கியோடு நுழைந்தார். கடையின் அடித்தளத்தில் குழந்தைகள் அடைக்கப்பட்டிருப்பதாக இணையத்தில் படித்து, அவர்களை மீட்க வந்தவர். பூட்டியிருந்த ஒரு கதவைச் சுட்டுத் திறந்தார். உள்ளே கம்ப்யூட்டர் சாமான்கள் இருந்த சிறு அறை. அந்தக் கடைக்கு அடித்தளமே கிடையாது. யாருக்கும் காயமில்லை. சரணடைந்த பிறகு, தனக்குக் கிடைத்த தகவல் நூறு சதவீதம் சரியில்லை என்று அவரே செய்தியாளரிடம் சொன்னார். அடுத்த ஆண்டு 4 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். நம் விடைக்குத் தேவையானது இதற்குப் பிறகு நடந்தது. அந்தக் கதையை நம்பியவர்களில் ஒரு பகுதியினர், நேரில் போய்ப் பார்த்து 'இல்லை' என்று சொன்ன அந்த ஆளை ஏற்கவில்லை. முன்பு அவர் சினிமாவில் சிறு வேடங்களில் தலைகாட்டியதைத் தோண்டியெடுத்து, 'இவர் நடிகர், இதெல்லாம் நாடகம்' என்றார்கள். நேற்று வரை தங்களில் ஒருவர், ஒரு சொல்லில் கையாள்.

இன்னும் கடுமையான உதாரணம் சாண்டி ஹூக். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலப் பள்ளி ஒன்றில் 20 குழந்தைகளும் 6 பணியாளர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இது துப்பாக்கிச் சட்டம் கொண்டுவர அரசு நடத்திய நாடகம் என்று நம்பியவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரையே ஆண்டுக்கணக்கில் துன்புறுத்தினார்கள். ஒரு தந்தைக்குக் கொலை மிரட்டல் விடுத்த ஃபுளோரிடாப் பெண்ணுக்கு 2017-இல் சிறை கிடைத்தது. இந்தக் கதையைப் பரப்பிய அலெக்ஸ் ஜோன்ஸ் சுமார் 96.5 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று 2022 அக்டோபரில் கனெக்டிகட் ஜூரி தீர்ப்பளித்தது. பெற்றோரில் பலர் யாரோடும் விவாதிக்கப் போகவில்லை. அவர்கள் துக்கத்தோடு இருப்பதே அந்தக் கோட்பாட்டுக்கு மறுப்பு, அதனால் அவர்கள் நடிகர்களாக இருந்தே ஆகவேண்டும். சந்தேகி என்பவர் வாய் திறந்து மறுக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் எழுதினால் இடம் போதாது.

அமைப்பு மட்டும் கோபத்தை உண்டாக்காது. மறுப்பு நம்புகிறவரிடம் எதைப் போய் இடிக்கிறது என்பதும் வேண்டும். இம்ஹாஃப், லாம்பர்ட்டி இருவரும், தனியாக லாந்தியன் குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வுகள், தனித்துவமாக இருக்கவேண்டும் என்ற விருப்பத்துக்கும் சதி நம்பிக்கைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டின. 'ஊருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்' என்ற பெருமையைச் சந்தேகிப்பவர் பிடுங்கப் பார்க்கிறார். அதன்மேல் டாஜ்ஃபெல், டர்னர் 1979-இல் சொன்ன சமூக அடையாளம்: நம்பிக்கை ஒரு குழுவின் அடையாளமாகிவிட்டால், அதைத் தொடுவது குழுவைத் தொடுவது. பிரெம் 1966-இல் சொன்ன ரியாக்டன்ஸ், அதாவது சுதந்திரத்தைப் பறிப்பதாக உணர்ந்தால் எழும் எதிர்ப்பு, ஒரு வரி போதும். கேலியும் ஏளனமுமாகத் திருத்தப் போகிறவர்களும் இந்த நெருப்புக்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுங்கள். பகைமையை ஒருதலையாக எழுதினால் விடை கட்சிப் பிரசங்கம்போல ஆகிவிடும்.

கோபத்திலிருந்து வன்முறைக்குப் போகும் பாதைக்கு நேரடிச் சான்று ஜாலி, பேட்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு. அந்த ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனில் 5ஜி அலையால்தான் கொரோனா பரவுகிறது என்று நம்பிச் செல்போன் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள், கேபிள் பதிக்கும் தொழிலாளர்களைத் தெருவில் நிறுத்தித் திட்டினார்கள். 601 பேரிடம் நடத்திய அந்தக் கருத்தாய்வில், நம்பிக்கை கூடக் கூட அந்த நேரத்தில் உணரும் கோபமும் கூடியது. கோபம் கூடியவர்கள் வன்முறையை நியாயப்படுத்தினார்கள். பிறர் தனக்குக் கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்ற மிகைச் சந்தேகம் (பாரனோயா) அதிகமுள்ளவர்களிடம் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. ஒரே சமயத்தில் எடுத்த கருத்தாய்வு, ஆகவே காரண காரியத்தை நிறுவாது என்று அடுத்த வரியிலேயே எழுதவேண்டும். ஒட்டுறவை, அதாவது இரண்டு விஷயங்கள் சேர்ந்து கூடுவதையோ குறைவதையோ, காரணமாக எழுதுவது இந்தப் பகுதியில் அடிக்கடி நடக்கும் தவறு.

வேறு சில தவறுகளும் உண்டு. கப்லான் குழு 2016-இல் 40 பேரிடம் செய்த மூளை ஸ்கேன் ஆய்வைச் சதி நம்பிக்கையாளர்களைப் பற்றியது என்று எழுதுகிறார்கள். அது அரசியல் கருத்துகளைச் சவாலுக்கு உட்படுத்தியபோது என்ன நடக்கிறது என்று பார்த்த ஆய்வு. மனத்தை மாற்றிக்கொள்ளாதவர்களிடம், உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா, இன்சுலா என்ற மூளைப் பகுதிகளில் செயல்பாடு அதிகம் என்பதே அதிலிருந்து எடுக்க வேண்டியது. 'ஆதாரம் காட்டினால் நம்பிக்கை இன்னும் இறுகும்' என்ற பேக்ஃபயர் எஃபெக்ட்டை 2010 நைஹன், ரைஃப்லர் ஆய்வை வைத்துப் பொதுவிதியாக எழுதுவது இன்னொன்று. வுட், போர்ட்டர் இருவரும் 52 விஷயங்களை 10,100 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டபோது அது ஏறக்குறைய எங்கும் தென்படவில்லை. 2024-இல் காஸ்டெல்லோ, பென்னிகுக், ராண்ட் மூவரும், ஒவ்வொருவரும் நம்பும் சதிக்கு ஏற்ற ஆதாரங்களைச் செயற்கை நுண்ணறிவு உரையாடல் மூலம் முன்வைத்தபோது நம்பிக்கை சராசரியாக 20 சதவீத அளவுக்குக் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அந்தக் குறைவு நீடித்தது. பகைமைக் கேள்விக்கு இது எப்படி உதவும்? ஏளனம் செய்யாத, எதிர்க்குழு ஆளாகத் தோன்றாத ஒன்று பேசும்போது ஆதாரம் உள்ளே போகிறது என்று படிக்க இடமிருக்கிறது. அது நம் ஊகம் என்று தெரியும்படி எழுதவேண்டும்.

சதி நம்பிக்கையாளர் என்றால் மனநோயாளி என்று எழுதுவது எல்லாவற்றையும்விட மோசம். உண்மையான சதிகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் உள்ள கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோயின் போக்கை மட்டும் அரசுத் துறையே கவனித்துக்கொண்டிருந்தது. அதைச் சந்தேகித்தவர்கள் சரியாகத்தான் சந்தேகித்தார்கள். எனவே 'பொய்யை நம்புவதால் கோபம்' என்று வாதத்தை அமைக்காமல், 'மறுப்பவருக்கு நேர்மையான இடம் இல்லாததால் கோபம்' என்று அமைத்தால் இந்த எதிர்க்கேள்வி நம்மைத் தொடாது.

நேரக் கணக்கு: 250 மார்க், 180 நிமிடம், ஒரு மார்க்குக்கு 43 விநாடி. 20 மார்க் கேள்விக்கு 14 நிமிடம் என்று வைத்தால், 2 நிமிடம் திட்டமிட, 11 நிமிடம் எழுத, 1 நிமிடம் பார்க்க. முதல் 3 வரியில் கேள்வியின் மூன்று அடுக்கைப் பிரித்து மூன்றாவதைப் பற்றித்தான் எழுதப்போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். வரையறைக்கு 2 வரிக்கு மேல் வேண்டாம். இரண்டு நாற்காலிப் பத்திக்கும் உதாரணத்துக்கும் சேர்த்துப் பாதி இடம். அடையாளம், தனித்துவம் கால் இடம். மீதியில் சான்றின் வரம்பும் தீர்வும். 10 மார்க் என்றால் 150 சொல், 7 நிமிடம்: உதாரணத்தை 2 வரியாகச் சுருக்கி, சமூக அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். தொடக்க வரி இப்படி இருக்கலாம்: 'சதிக்கோட்பாடு ஒரு நிகழ்வை மட்டும் விளக்குவதில்லை, அதை ஏற்காதவர் ஏன் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே விளக்குகிறது.' இதற்குப் பிறகு வரும் எதுவும் கேள்வியை விட்டு விலகாது.

எத்திக்ஸ் கேஸ் ஸ்டடியில் இதே சரக்கு வேறு உருவில் வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பலர் மறுத்தார்கள். அதுபோன்ற சூழலில் நீங்கள் மாவட்ட அதிகாரி என்றால், பயந்தவர், சந்தேகிப்பவர், வதந்தியைப் பரப்புபவர் மூவரையும் ஒரே கூடையில் போடாமல் தனித்தனியாக அணுகவேண்டும். பயந்த பெற்றோரிடம் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால் அரசுதான் எதையோ மறைக்கிறது என்ற கதைக்கு நீங்களே சான்றாகிவிடுவீர்கள். அந்த ஊர் செவிலியரும் தலைமையாசிரியரும் சொல்வது காவல்துறை அறிக்கையைவிட எடுபடுவது ஏன் என்பதைச் சமூக அடையாளத்தை வைத்து ஒரு வரியில் காட்டினால், பொது அறிவுரையாக இல்லாமல் உளவியல் படித்தவரின் விடையாக இருக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒன்று. இந்தத் துறையில் கலைச்சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. டிஸ்ஸனன்ஸுக்கு 'இசைவின்மை', 'முரண்பாடு', 'ஒவ்வாமை' என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். முதல் முறை தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, பிறகு விடை முழுக்க ஒரே தமிழ்ச் சொல்லையே பயன்படுத்துங்கள். நடுவில் மாற்றினால் திருத்துபவர் அதை இரண்டு வேறு கருத்தாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.